வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி செய்ய: ஆசாரியைக் கடைசியில் கூப்பிடுங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் 12 நாள் ஒரு ஆர்கேட் பெட்டி, அதாவது அந்தக் காலத்தில் கடைகளில் காசு போட்டு ஆடிய வீடியோ கேம் பெட்டி மாதிரி ஒன்று, மாட்டிக்கொண்டு நின்றது. உயரம் 5 அடி 8 இன்ச், அகலம் 2 அடி 8 இன்ச். மேலேயும் போகாது, கீழேயும் வராது. கீழ் வீட்டுப் பாட்டி தினமும் அதைத் தடவிக்கொண்டே பக்கவாட்டில் நுழைந்து போவார். கடைசியில் அதைச் செய்த ஆசாரியையே வரவழைத்து, முதுகுப் பக்கம் 8 இன்ச் அறுத்து மேலே ஏற்றினோம். அந்த முதல் பெட்டிக்கு மொத்தம் 5 மாதமும் 41,000 ரூபாயும் போனது. அடுத்து காட்பாடி நண்பருக்குச் செய்தது மேசை மேல் வைக்கிற சின்னப் பெட்டி. 5 வார இறுதிகளில் முடிந்தது, செலவும் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதோடு சரி.

இரண்டுக்கும் நடுவில் கைத்திறன் ஒன்றும் கூடிவிடவில்லை. வேலையின் வரிசையைத் தலைகீழாக மாற்றினேன், அவ்வளவுதான். முதல் தடவை பலகையில் ஆரம்பித்தேன், இரண்டாவது தடவை பலகையில் முடித்தேன்.

1. கதவையும் படியையும் அளந்துகொள்ளுங்கள்

டேப்பை எடுத்து மூன்று இடத்தை அளங்கள்: வாசல் கதவின் உள் அகலம், படி திரும்பும் இடம், பெட்டி நிற்கப்போகிற மூலை. கதவை அளக்கும்போது நிலைக்கு நிலை அளக்காதீர்கள். கதவைத் திறந்து வைத்து, கதவின் கனம் போக மிச்சம் இருப்பதை அளக்க வேண்டும். அதில் 2 இன்ச் கழியுங்கள். பெட்டியின் ஆழமோ அகலமோ, ஏதாவது ஒன்று அதற்குள் அடங்க வேண்டும்.

முதல் பெட்டி என்றால் மேசைப் பெட்டியே போதும் என்பேன். ஒரே 8க்கு 4 அடி பலகையில் முடிந்துவிடும், இரண்டு பேர் தூக்கிவிடலாம், வாடகை வீடு மாறினால் ஆட்டோவிலேயே போய்விடும். இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆட உள் அகலம் 24 இன்ச் இருந்தால் முழங்கை இடிக்காது. ஆளுயரப் பெட்டிதான் வேண்டும் என்று மனம் கேட்காவிட்டால், பட்டன் பலகை தரையிலிருந்து 36 முதல் 40 இன்ச்சுக்குள் வரட்டும்.

2. செலவுக் கணக்கு

காட்பாடி பெட்டிக்கு அப்போது நான் எழுதி வைத்த கணக்கு இது. இன்றைய விலை முன்னே பின்னே இருக்கலாம்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் (நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி.): 7,500
பழைய 19 இன்ச் சதுர மானிட்டர்: 1,800
இரண்டு ஜாய்ஸ்டிக், 20 பட்டன், இரண்டு என்கோடர் போர்டு (பட்டன் அமுக்குவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சர்க்யூட்): 3,900
18 எம்.எம். பிளைவுட் ஒன்று: 2,720
12 எம்.எம்., 6 எம்.எம். துண்டுகள்: 700
ஆசாரி கூலி, 2 நாள்: 2,400
மைக்கா, எட்ஜ் பேண்ட், பெவிகால், ஸ்குரூ: 1,900
மானிட்டருக்கு முன்னால் 3 எம்.எம். அக்ரிலிக்: 700
ஸ்பீக்கர்: 650
ஸ்டிக்கர் பிரிண்ட்: 1,100
பேன், ஸ்பைக் பஸ்டர், வயர், ஸ்விட்ச்: 1,150
64 ஜி.பி. பென் டிரைவ்: 500
எலக்ட்ரீஷியன்: 400

கூட்டினால் 25,420. இதில் சேராதது பெட்ரோலும், ஒரு சென்னைப் பயணமும். அந்தப் பயணம் ஞாயிற்றுக்கிழமை. காட்பாடியில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போனால் தெரு முழுக்க ஷட்டர். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். நீங்கள் வார நாளில் போங்கள்.

3. பெட்டி இல்லாமலே ஓட வையுங்கள்

இதுதான் முதல் உண்மையான வேலை. மேசை மேல் கம்ப்யூட்டர், மானிட்டர், கைவசம் இருக்கிற ஏதாவது ஒரு யு.எஸ்.பி. கேம்பேட். இவ்வளவு போதும்.

ராஸ்பெர்ரி பை 4 என்கிற உள்ளங்கை அளவுக் குட்டிக் கம்ப்யூட்டரா, பழைய கம்ப்யூட்டரா என்று எல்லோரும் கேட்பார்கள். நான் இரண்டிலும் செய்துவிட்டேன். பை சின்னது, சத்தமில்லாதது. ஆனால் அதன் விலை ஒரு நிலையில் நிற்பதில்லை, அதோடு அடாப்டர், மெமரி கார்டு, மைக்ரோ எச்.டி.எம்.ஐ. கேபிள், கேஸ் எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும். போன் சார்ஜரைச் செருகினால் திரை மூலையில் மின்னல் குறி வரும். கரண்ட் போதவில்லை என்று பை அழுகிறது என்று அர்த்தம். அதற்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர்தான் சரி. பெட்டிக்குள் இடம் இருக்கிறவர்களுக்கு ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரே லாபம்.

மென்பொருளுக்கு பட்டோசெரா. பழைய கேம்களை ஓட்டுவதற்கென்றே செய்த இயங்குதளம், இலவசம். 64-பிட் கம்ப்யூட்டருக்கான இமேஜை (எல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கி, பலேனா எட்சர் என்ற மென்பொருளால் பென் டிரைவில் எழுதுங்கள். கம்ப்யூட்டரின் பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கிற அடிப்படை செட்டிங் பக்கத்தில், யு.எஸ்.பி.யை முதல் பூட் ஆக வையுங்கள். பூட் ஆகவில்லை என்றால் அங்கேயே செக்யூர் பூட் என்கிற வசதியை அணைத்துப் பாருங்கள். எல்லாம் பென் டிரைவிலிருந்தே ஓடும், உள்ளே இருக்கிற விண்டோஸை அது தொடாது. பயாஸில் இருக்கும்போதே இன்னொன்றையும் மாற்றிவிடுங்கள்: கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும் வசதி. பின்னால் ஒரே ஸ்விட்சில் பெட்டி முழுக்க உயிர் வர இதுதான் வழி.

ஒரு வாரம் இப்படியே மேசையில் விளையாடுங்கள். ஒரு வாரத்தில் சலித்துவிட்டால் பலகைக் காசு மிச்சம்.

4. கேம்கள்: இங்கேதான் பாதிப் பேர் கைவிடுகிறார்கள்

"10,000 கேம் போட்ட கார்டு" என்று விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். நான் வாங்கியதில் பாதி திறக்கவில்லை, திறந்ததில் ஒரே கேம் ஆறு பெயரில் இருந்தது. அது போக, பழைய கேம் என்பதால் காப்புரிமை போய்விடாது. பழைய ஆர்கேட் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கிற மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். மேம் என்கிற எமுலேட்டரின் சொந்தத் தளத்திலேயே, உரிமையாளர் அனுமதியோடு, காசு பார்க்காமல் ஆடிக்கொள்ளச் சில கேம்கள் தந்திருக்கிறார்கள். பரிசோதனைக்கு அவை தாராளம். கேப்காம் போன்ற கம்பெனிகள் பழைய ஆர்கேட் கேம்களைத் தொகுப்பாகவும் விற்கின்றன. பெட்டிக்குள் இருப்பது விண்டோஸ் கம்ப்யூட்டர் என்பதால், அவற்றை வாங்கி விண்டோஸிலேயே ஆடவும் வழி இருக்கிறது.

கோப்பு சரியாக இருந்தும் கேம் திறக்காமல் கறுப்புத் திரை வந்தால், பெரும்பாலும் காரணம் பதிப்புப் பொருத்தம். மேமின் ஒவ்வொரு பதிப்புக்கும் அதற்கேற்ற ரோம் கோப்புத் தொகுப்பு (கேம்கள் அடங்கிய கோப்புகள்) உண்டு. எமுலேட்டர் ஒரு வருஷத்தது, கோப்பு இன்னொரு வருஷத்தது என்றால் ஒத்துப்போகாது. நியோ ஜியோ என்கிற ஆர்கேட் மெஷினின் கேம் என்றால், அந்த மெஷினுக்கென்று தனியாக இருக்கிற பயாஸ் கோப்பும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இன்னொரு கூத்து: சில கேம்களுக்குத் தாய்க் கோப்பு ஒன்று, பிள்ளைக் கோப்பு ஒன்று. பிள்ளையை மட்டும் கொண்டுவந்தால் தாயைத் தேடும். ஜிப்பைப் பிரிக்காதீர்கள், பெயரையும் மாற்றாதீர்கள். நான் அழகாக "பேக்மேன்" என்று பெயர் மாற்றி வைத்துவிட்டு இரண்டு ராத்திரி முழித்திருக்கிறேன்.

என்னென்ன ஆடப்போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பட்டன் எண்ணிக்கை அதில்தான் இருக்கிறது. நாம் எல்லோரும் முஸ்தபா என்று சொல்கிற கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் (1993) ஆட இரண்டு பட்டன் போதும், அடிக்க ஒன்று, குதிக்க ஒன்று. ஸ்ட்ரீட் பைட்டர் 2 (1991) என்றால் ஆறு வேண்டும். பேக்மேனும் (1980) கேலகாவும் (1981) நெட்டுக்குத்தான திரைக்குச் செய்தவை, நம் மானிட்டரில் நடுவில் ஒரு பட்டையாகத்தான் தெரியும்.

5. மானிட்டர்

அகலத் திரை டி.வி. வேண்டாம். பழைய கேம்கள் சதுரத்துக்குப் பக்கமான திரைக்குச் செய்தவை. 1280க்கு 1024 வருகிற 19 இன்ச் மானிட்டர் செகண்ட்ஸில் நிறைய கிடைக்கிறது. வாங்கும் முன் மூன்று விஷயம். பின்னால் 100க்கு 100 எம்.எம். நான்கு ஸ்குரூ துளை இருக்கிறதா? இல்லாவிட்டால் மாட்ட முடியாது. பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினால் தானாக ஆன் ஆகிறதா? ஆகாவிட்டால் ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறந்து பொத்தானை அமுக்க வேண்டும். மூன்றாவது, திரையைக் கொஞ்சம் சாய்த்து, நின்றுகொண்டு மேலிருந்து பாருங்கள், குழந்தை உயரத்துக்குக் குனிந்து கீழிருந்தும் பாருங்கள். டி.என். என்கிற மலிவு வகைத் திரைகள் கீழிருந்து பார்த்தால் இருண்டுபோகும்.

பழைய குண்டு டி.வி.யைப் பிரித்து உள்ளே வைக்கலாமே என்று யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் குழாயில் ஆளைத் தூக்கியடிக்கிற வோல்டேஜ் நிற்கும்.

6. பட்டன் கையில் வராமல் துளை போடாதீர்கள்

உள்நாட்டு ஆன்லைன் கடைகளில் 4 முதல் 7 நாளில் வந்துவிடும். வெளிநாட்டு ஆர்டர் என்றால் ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். கொரியர்காரர்கள் ஆதார் அல்லது பான் கேட்பார்கள், சுங்க வரியும் தனியாக வரும். முதல் பெட்டிக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

பட்டன் இரண்டு சாதி. ஜப்பான் மாதிரிக்கு 30 எம்.எம். துளை, உள்ளே அமுக்கினால் காது விரிந்து பிடித்துக்கொள்ளும். அமெரிக்க மாதிரிக்கு 28 எம்.எம்.முக்குக் கொஞ்சம் கூட, அடியில் நட் முறுக்குவது. கடைக்காரர் படத்தை நம்பாமல், கையில் வந்ததை அளந்து பாருங்கள்.

இப்போது என் கதை. ஆசாரி அண்ணன் பையிலிருந்து ஒரு பிட்டை எடுத்து, "30-க்கு இது போதும் தம்பி, இன்னா பெரிய வித்தியாசம்" என்றார். அது கப்போர்டு கீல் பதிக்கிற 35 எம்.எம். பிட். எல்லா ஆசாரியிடமும் அது இருக்கும், 30 இருக்காது. நான் டீ வாங்கப் போய் வருவதற்குள் 16 துளை போட்டுவிட்டார். பட்டனை வைத்தேன், 'தொபுக்' என்று உள்ளே விழுந்தது. பதினாறும் விழுந்தன. அந்தப் பலகை இப்போது எங்கள் மொட்டை மாடியில் செம்பருத்தித் தொட்டிக்கு அடியில் தண்ணீர் வடிகிற தட்டாக இருக்கிறது. 30 எம்.எம். ஹோல்சாவை (வட்டத் துளை அறுக்கிற பிட்) நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள். வீணான துண்டில் ஒரு துளை போட்டுப் பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு மற்றதைப் போடச் சொல்லுங்கள்.

ஜாய்ஸ்டிக் மாட்டும் பலகைக்கு 18 எம்.எம். போடாதீர்கள். தண்டு மேலே கட்டைவிரல் அளவுதான் எட்டிப்பார்க்கும். 12 எம்.எம். போதும். 18-தான் வேண்டும் என்றால் அடியில் 6 எம்.எம். குடைந்து பதிக்கச் சொல்லுங்கள்.

மலிவான என்கோடர் போர்டு இரண்டு வாங்கினால், இரண்டும் கம்ப்யூட்டருக்கு ஒரே பெயரில்தான் தெரியும், "டிராகன்ரைஸ்" என்று. எது ஒன்றாம் ஆள், எது இரண்டாம் ஆள் என்று குழம்பும். எந்த யு.எஸ்.பி. ஓட்டையில் எது என்று மார்க்கரில் எழுதி, அதன் பிறகு மாற்றாதீர்கள்.

7. அட்டையில் ஒரு பெட்டி

பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று வீட்டு உபயோகப் பொருள் கடையில் சும்மாவே கிடைக்கும். பக்கவாட்டு வடிவத்தை அதில் வெட்டி, செல்லோடேப் ஒட்டி நிறுத்துங்கள். பட்டன் பலகையையும் அட்டையில் செய்து, பட்டன்களை நிஜமாகவே மாட்டி, இரண்டு பேர் நின்று ஆடிப் பாருங்கள். பட்டனுக்குப் பட்டன் நடுவிலிருந்து நடு 36 எம்.எம். எனக்குச் சரியாக வந்தது. மணிக்கட்டு வலித்தால் பலகையை இறக்குங்கள், கழுத்து வலித்தால் மானிட்டரைப் பின்னால் சாயுங்கள். இந்த ஒரு ஞாயிறு எனக்கு முதல் தடவையே கிடைத்திருந்தால் அந்த 8 இன்ச் அறுவையே நடந்திருக்காது.

8. இப்போது ஆசாரி

அவரிடம் படத்தைக் காட்டாதீர்கள், அட்டையைக் கொடுங்கள். படத்தைப் பார்த்து எங்கள் ஆசாரி கேட்ட முதல் கேள்வி, "இது இன்னா தம்பி, ஏ.டி.எம்மா?" அட்டையைப் பார்த்தபோது கேள்வியே இல்லை, பலகையை எடுத்தார்.

ஆள் கிடைக்கிற காலம் முக்கியம். தை, வைகாசி, ஆவணி என்று கிரகப்பிரவேசம் குவிகிற மாதங்களில் "நாளைக்கு வரேன்" என்பார், நாளை வராது. ஆடியில் புது வீட்டு வேலை குறைவு, இப்படிப்பட்ட சில்லறை வேலைக்கு அப்போதுதான் ஆள் சிக்குவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம், பெவிகால் காய நாளாகும்.

மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எப். பலகை பார்க்க வழவழப்பு, விலையும் குறைவு. ஆனால் விளிம்பில் ஸ்குரூ ஏற்றினால் பிளக்கும், தரை துடைக்கிற ஈரத்தில் அடி உப்பிவிடும். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் கரையான் தொல்லையும் உண்டு. அதனால் பிளைவுட் வாங்கி மேலே மைக்கா ஒட்டினேன். ஆளுயரப் பெட்டி என்றால் சக்கரம் வைத்துத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் விளிம்புக்கு டி-மோல்டிங் என்று பிளாஸ்டிக் பட்டை அடிப்பார்கள். அதைத் தேடி நான் இரண்டு மாதம் அலைந்தேன். மைக்கா கடையிலேயே 22 எம்.எம். எட்ஜ் பேண்ட் சுருளாகத் தொங்குகிறது, அதுவே 18 எம்.எம். பலகைக்குப் போதும்.

இரண்டு பக்கப் பலகையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து இறுக்கி, சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். பட்டன் பலகைக்குக் கீல் வைக்கச் சொல்லுங்கள், மேலே தூக்கித் திறக்க வேண்டும். பின்கதவு தனி. இந்த மூன்றையும் பேச்சு ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள், பாதியில் சொன்னால் கூலி ஏறும்.

9. காற்றும் கரண்டும்

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கத்திரியில் முதல் பெட்டியைப் பின்கதவு மூடி ஓட்டினேன், 20 நிமிஷத்தில் தானாக அணைந்தது. கம்ப்யூட்டர் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே ஜம்மென்று ஓடுகிறது. உள்ளே சூடு, வேறொன்றுமில்லை. அடியில் காற்று நுழைய ஒரு வரிசைத் துளை, மேலே பின்பக்கம் 120 எம்.எம். பேன் ஒன்று. கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் நான்கு முள் இணைப்பில் மஞ்சளும் அதற்குப் பக்கத்துக் கறுப்பும் 12 வோல்ட், பேனுக்கு அது போதும்.

230 வோல்ட் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பெட்டிக்குள் ஒரு ஸ்பைக் பஸ்டர், வெளியே ஒரு ஸ்விட்ச், மூன்று முள் பிளக். எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பிளக் பாயின்ட்டில் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத பழைய வீட்டில், வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்று ஜாய்ஸ்டிக் போல்ட்டைத் தொட்டால் விரல் நுனியில் விர்ரென்று எறும்பு ஊரும். பிள்ளைகள் தொடுகிற பொருள்.

அணைக்கும்போது நேரே ஸ்விட்சைத் தட்டாதீர்கள், மெனுவில் ஷட்டவுன் கொடுத்துவிட்டுத் தட்டுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று விளையாடிக்கொண்டிருந்து என் பென் டிரைவ் ஒரு தடவை பாழாகிவிட்டது. எல்லாம் முடிந்ததும் பென் டிரைவை அப்படியே நகல் எடுத்து இன்னொன்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

10. ஸ்டிக்கர்

பிளக்ஸ் கடையில் "வினைல் பிரிண்ட், மேலே மேட் லேமினேஷன்" என்று வார்த்தை பிசகாமல் சொல்லுங்கள். வெறுமனே ஸ்டிக்கர் என்றால் பேனர் துணியைப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். படம் பெட்டியின் நிஜ அளவிலேயே இருக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும், பென் டிரைவில் கொடுங்கள். மேலே ஒளிரும் பெயர்ப் பலகைக்கு அவர்களிடமே பேக்லிட் பிலிம் இருக்கும்.

11. காகிதங்கள்

பில் வேண்டாம் என்றால் விலை குறைக்கிறேன் என்பார்கள். மானிட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய பொருளாக இருந்தாலும், சீரியல் நம்பர், தேதி, விற்றவர் பெயர், எத்தனை நாள் கேரண்டி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எனக்கு 15 நாள் கேரண்டி என்று வாயால் சொன்ன கடை, 9-ம் நாள் "அப்படியா சொன்னோம்?" என்றது. ஆன்லைன் பட்டன் செட் வந்தால் பிரிக்கிறபோதே போனில் வீடியோ எடுங்கள், 20-க்கு 19 பட்டன் வந்தால் கேட்க அதுதான் ஆதாரம்.

வீட்டில் வைத்து ஆடுகிறவரை இவ்வளவுதான். கடையில் வைத்து ஆட்டத்துக்குக் காசு வாங்குவது வேறு சங்கதி, அதற்குக் கேம் உரிமையாளரின் அனுமதியும் மாநகராட்சித் தொழில் உரிமமும் வேண்டும்.

கடைசியாக, நான்கு பட்டனும், அதற்கு அடியில் 'டிக்' என்று அமுங்குகிற மைக்ரோ ஸ்விட்ச் இரண்டும் கூடுதலாக வாங்கிப் பெட்டிக்குள்ளேயே ஒரு கவரில் ஒட்டி வையுங்கள். என் பெட்டியில் முதலில் போனது இரண்டாம் ஆளின் அடிக்கிற பட்டன். அக்கா மகன் முஸ்தபாவில் கடைசி பாஸ் வரைக்கும் அதை உள்ளங்கையால் அறைந்தான். மாற்ற 3 நிமிஷம் ஆனது, அதுவரை அவன் திரையை விட்டு நகரவில்லை.